பூமிக்குள் எடுக்கும் படத்தில் வடக்கு எங்கே? நில அதிர்வு ஆய்வில் ஆள்கூறு, திசைப் பிழைகள்

"பூமியின் உள்கரு சுற்றுவதை நிறுத்திவிட்டது" என்று 2023 ஜனவரியில் செய்தி வந்தது. அடுத்த ஆண்டே "உள்கரு பின்னோக்கிச் சுற்றுகிறது" என்றார்கள். படித்தவர்களுக்கு இரண்டு சந்தேகங்கள் எழுந்திருக்கும். 5,150 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்கும் ஒரு இரும்பு உருண்டையை யார் பார்த்தார்கள்? அது முன்னோக்கிப் போகிறதா பின்னோக்கிப் போகிறதா என்பதை எதை வைத்துச் சொல்கிறார்கள்?

இரண்டாவது சந்தேகம் ஆய்வாளர்களுக்கே உண்டு. பதிவுகளில் தெரியும் மாற்றம் பூமிக்குள் நடந்ததா, இல்லை நிலநடுக்கம் நடந்த இடத்தை நாம் தப்பாகக் குறித்ததால் வந்ததா என்று 1990-களின் இறுதியிலிருந்து வாதம் நடக்கிறது. பூமியின் உட்புறத்தைப் படம் பிடிக்கும் எந்த முறையிலும் இந்தக் கேள்வி எழும். ஆள்கூறும் (இடத்தைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை போன்ற எண்கள்) திசையும் தவறினால் படம் சிதறிப்போவதில்லை. வேறொரு படம் வருகிறது, அதுவும் நம்பும்படி இருக்கிறது. சிக்கலே அதுதான்.

## படம் எப்படி உருவாகிறது

ஒரு பெரிய நிலநடுக்கத்தின் அலைகள் பூமிக்குள் ஊடுருவி, உலகெங்கும் உள்ள நில அதிர்வுமானிகளை வந்தடைகின்றன. எந்த ஆழத்தில் அலை எந்த வேகத்தில் போகும் என்பதற்குப் பொதுவான அட்டவணைகள் இருக்கின்றன. 1995-இல் வெளியான ஏகே135 இன்றும் பயன்படும் ஒன்று. அட்டவணை சொன்ன நேரத்துக்கு முன்பே அலை வந்தால், வழியில் வேகமான பாறை இருந்திருக்க வேண்டும். தாமதமாக வந்தால் மெதுவான பாறை, பெரும்பாலும் சூடான பாறை. ஆயிரக்கணக்கான பாதைகளில் கிடைத்த இந்த முந்தல், பிந்தல் கணக்கை ஒன்றாகத் தீர்த்தால் முப்பரிமாணப் படம் கிடைக்கும். இதற்குப் பெயர் டோமோகிராபி.

மருத்துவமனை சிடி ஸ்கேனும் இதே கணிதம்தான். அங்கே இடது வலது மாறிப்போனால் உறுப்புகள் எல்லாம் தெளிவாகவே தெரியும், கட்டி மட்டும் மறுபக்கச் சிறுநீரகத்தில் இருக்கும்.

எவ்வளவு நுட்பமான கணக்கு என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். தூரத்தை இங்கே பூமியின் மையத்தில் அமையும் கோணமாகவும் சொல்வார்கள். 60 டிகிரி தூரத்தில், அதாவது சுமார் 6,670 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நிலையத்துக்கு முதல் அலையான பி அலை வர ஏறத்தாழ 10 நிமிடம் ஆகும். டோமோகிராபிக்குப் பயன்படும் முந்தல், பிந்தல் பெரும்பாலும் அதில் 1, 2 விநாடிதான். இந்த அளவை வைத்துக்கொண்டு, கணக்குக்குள் போகும் தகவல்களைப் பாருங்கள்:

1. நிலநடுக்கம் நடந்த இடம்: அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம்.
2. நிலையம் இருக்கும் இடம்.
3. அலை புறப்பட்ட திசைக்கோணம், நிலையத்துக்கு அது வந்துசேர்ந்த திசைக்கோணம். இரண்டும் வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் அளக்கப்படும்.
4. மானியின் மூன்று அச்சுகள்: செங்குத்து, வடக்கு, கிழக்கு.
5. எந்தப் பக்கம் கூட்டல், எந்தப் பக்கம் கழித்தல் என்ற ஏற்பாடு.

ஐந்திலும் பிழை வரும். ஒவ்வொன்றின் விளைவும் வேறு மாதிரி.

## ஒரே ஊருக்கு இரண்டு அட்சரேகை

பூமி சரியான உருண்டை இல்லை. நடுக்கோட்டு ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவ ஆரம் 6,357 கிலோமீட்டர். இந்த 21 கிலோமீட்டர் தட்டையால் அட்சரேகை இரண்டு வகையாகிறது. தரைக்குச் செங்குத்தாக வரையும் கோடு நடுக்கோட்டுத் தளத்தோடு செய்யும் கோணம் ஒன்று. வரைபடமும் ஜிபிஎஸ்ஸும் காட்டும் புவியியல் அட்சரேகை இதுதான். பூமியின் மையத்திலிருந்து அந்த ஊருக்கு வரையும் கோட்டின் கோணம் இன்னொன்று, அதாவது புவிமைய அட்சரேகை. நடுக்கோட்டிலும் துருவத்திலும் இரண்டும் ஒன்றே. 45 டிகிரியில் வித்தியாசம் 0.19 டிகிரி, தரையில் சுமார் 21 கிலோமீட்டர்.

கோளச் சூத்திரத்தில் தூரம் கணக்கிடும்போது புவிமைய அட்சரேகையைத்தான் கொடுக்க வேண்டும். ஜிபிஎஸ் எண்ணை அப்படியே கொடுத்தால் என்ன ஆகும்? நடுக்கோட்டில் நிலநடுக்கம், அதே தீர்க்கரேகையில் 45 டிகிரி வடக்கில் நிலையம் என்று வையுங்கள். உண்மைத் தூரம் 44.81 டிகிரி, கணக்கில் 45 டிகிரி. அந்தத் தூரத்தில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 8 விநாடி என்பதால், அலை 1.5 விநாடி சீக்கிரம் வந்துவிட்டதாகத் தோன்றும். நடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கு மேற்காகப் போகும் அலையிலோ பிழையே இருக்காது. முடிவில் கிடைக்கும் படம், "இந்தப் பகுதியில் வடக்கு தெற்காகப் போகும் அலைகள் வேகமானவை" என்று சொல்லும். பாறையின் படிகங்கள் ஒரு பக்கமாக வரிசைப்பட்டிருந்தால் வரக்கூடிய அடையாளமும் இதே போன்றதுதான். அதை வைத்துப் பாறை எந்தத் திசையில் ஓடுகிறது என்று பத்து பக்கம் எழுதலாம்.

தட்டை வடிவத்துக்கான நேரத் திருத்தம் தனியாக உண்டு. மென்பொருள் ஒருமுறை அதைச் செய்துவிட்ட பிறகு, தெரியாமல் மறுபடி செய்வதும் நடக்கிற காரியம்தான்.

இதைவிட எளிய பிழைகளும் இருக்கின்றன. 12 டிகிரி 30 நிமிடம் என்பதைத் தசமத்தில் 12.5 என்று எழுத வேண்டும். 12.30 என்று எழுதினால் நிலையம் 22 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி விட்டுப்போவது இன்னும் பெரிய பிழை. ஆனால் அது உடனே மாட்டிக்கொள்ளும், நிலையம் வேறு கண்டத்தில் போய் நிற்கும். பழைய நில அளவைக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் உள்ள நூறு மீட்டர் கணக்கிலான வித்தியாசத்தை உலக அளவிலான படங்களுக்குப் பொருட்படுத்தவே வேண்டாம். ஆபத்து நடுத்தர அளவுப் பிழைகளில்தான் இருக்கிறது. கண்ணில் படாத அளவுக்குச் சிறியவை, படத்தை மாற்றும் அளவுக்குப் பெரியவை.

## உள்கரு வழக்கு

1996-இல் ஷியாவ்டாங் சாங், பால் ரிச்சர்ட்ஸ் இருவரும் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தெற்கு அட்லாண்டிக்கில் உள்ள தெற்கு சாண்ட்விச் தீவுகளில் நடக்கும் நிலநடுக்கங்கள் அலாஸ்காவில் காலேஜ் என்ற ஊரில் உள்ள நிலையத்தில் பதிவாகின்றன. ஓர் அலை உள்கருவின் வழியாகவும், இன்னொன்று உள்கருவைத் தொடாமல், அதைச் சூழ்ந்த திரவ வெளிக்கருவின் அடிப்பகுதி வழியாகவும் வருகிறது. கருவுக்கும் மேலோட்டுக்கும் இடையில் உள்ள பாறை அடுக்கான மேன்டிலில் இரண்டும் ஏறத்தாழ ஒரே பாதையில் வருவதால், ஒன்றின் நேரத்திலிருந்து மற்றதைக் கழித்தால் மேலே உள்ள பாறைகளின் விளைவு பெரிதும் நீங்கிவிடும். இந்த வித்தியாசம் சுமார் 30 ஆண்டுகளில் 0.3 விநாடி மாறியிருந்தது. உள்கரு மேன்டிலைவிட ஆண்டுக்கு ஏறத்தாழ 1 டிகிரி வேகமாகச் சுற்றுவதால்தான் இந்த மாற்றம் என்றார்கள்.

எதிர்ப்பு இங்கேதான் கிளம்பியது. நிலநடுக்கத்துக்கும் நிலையத்துக்கும் இடையிலான தூரம் மாறினால் அந்த இரண்டு அலைகளின் நேர வித்தியாசமும் கொஞ்சம் மாறும். தெற்குக் கடல்களைச் சுற்றி நிலையங்கள் குறைவு. 1960-களின் நிலநடுக்க இடங்களில் பத்து இருபது கிலோமீட்டர் பிசகு சாதாரணம். காலம் போகப்போக நிலையங்கள் கூடி, இடக்கணிப்பும் மேம்பட்டது. அதாவது பிழையே காலத்தோடு சேர்ந்து ஒரு பக்கமாக மாறியிருக்கக்கூடும். அப்படியானால் சுற்றியது உள்கருவா, நம் பட்டியலில் இருந்த ஆள்கூறுகளா? 2000-இல் பூப்பினே, சூரியோ, கூத்தான் ஆகிய மூவர் ஏறத்தாழ இதைத்தான் எழுதினார்கள். இடப்பிழையை நீக்கிவிட்டால் சுழற்சிக்குச் சான்று மிஞ்சவில்லை என்பது அவர்கள் வாதம்.

இதற்குக் கிடைத்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஆள்கூறுகளைத் துல்லியமாக்கப் போராடுவதற்குப் பதிலாக, ஆள்கூறே தேவைப்படாத சான்றைத் தேடினார்கள். நிலநடுக்கம் நடக்கும் பாறைப் பிளவின் அதே துண்டு சில ஆண்டுகள் கழித்து மறுபடி உடையும்போது, இரண்டு நிலநடுக்கங்களின் அலைவடிவமும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். அப்படி இருந்தால் இரண்டும் ஒரே இடத்தில் நடந்தவை. அந்த இடம் எது என்பதுகூடத் தெரிய வேண்டியதில்லை. 1993 டிசம்பரிலும் 2003 செப்டம்பரிலும் நடந்த அத்தகைய இரட்டையை ஜாங் தலைமையிலான குழு 2005-இல் காட்டியது. மற்ற அலைகள் எல்லாம் ஒத்துப்போக, உள்கரு வழியாக வந்த அலையின் நேரம் மட்டும் சுமார் 0.1 விநாடி மாறியிருந்தது. ஆக, ஏதோ ஒரு மாற்றம் உள்ளே நடந்திருக்கிறது. அவர்கள் கணித்த வேகம் ஆண்டுக்கு 0.3 முதல் 0.5 டிகிரி. 1996-இல் சொன்னதில் ஏறத்தாழ பாதி, அல்லது அதற்கும் குறைவு.

2024-இல் செய்தியான ஆய்வும் இதே உத்திதான். 1991 முதல் 2023 வரை அதே தீவுகளில் திரும்பத் திரும்ப நடந்த 121 நிலநடுக்கங்களை எடுத்து, வடக்குக் கனடாவிலும் அலாஸ்காவிலும் பதிவான அலைவடிவங்களை ஒப்பிட்டார்கள். மாறிக்கொண்டே போன அலைவடிவம், 2008-ஐ ஒட்டித் திசை திரும்பி, பழைய வடிவத்துக்கே மெதுவாக வருவதைக் கண்டார்கள். "நின்றது", "பின்னோக்கி" என்பதெல்லாம் மேன்டிலோடு ஒப்பிட்டுச் சொல்வது. நாளுக்கு ஒரு சுற்று என்பதில் உள்கரு எந்தக் குறையும் வைக்கவில்லை. தலைப்புச் செய்திகளில் இந்த ஒப்பீட்டை விட்டதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

## வந்த திசை, போன திசையின் நேரெதிர் இல்லை

"புறப்பட்ட கோணத்தோடு 180-ஐக் கூட்டினால் வந்த திசை கிடைத்துவிடும்" என்று நினைப்பது சமதளப் பழக்கம். உருண்டையில் அது செல்லாது. 2011-இல் ஜப்பானின் டோஹோகு நிலநடுக்கத்தையும் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள ஆல்புகெர்க்கி நிலையத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். அலை ஜப்பானிலிருந்து சுமார் 50 டிகிரியில், வடகிழக்கு நோக்கிக் கிளம்புகிறது. ஆல்புகெர்க்கிக்கு அது வருவது சுமார் 312 டிகிரியிலிருந்து, அதாவது வடமேற்கிலிருந்து. 50-உடன் 180 கூட்டியிருந்தால் 230 வந்திருக்கும், தென்மேற்கு. பிழை 80 டிகிரிக்கு மேல். அனுபவம் உள்ளவர்கள் இதைச் செய்வதில்லை, ஆனால் அவசரத்துக்கு எழுதும் நிரல்களில் இந்த 180 எட்டிப்பார்க்கும்.

## மானி பார்க்கும் வடக்கு

என் கணிப்பில் மிகப் பரவலான பிழை இது. நிலையம் அமைப்பவர் மானியின் அம்புக்குறியை வடக்கு நோக்கி வைக்க வேண்டும். திசைகாட்டியை வைத்துப் பார்த்தால் அது காட்டுவது காந்த வடக்கை. சென்னைப் பக்கம் காந்த வடக்கும் உண்மை வடக்கும் 2 டிகிரிக்குள் ஒத்துப்போவதால் நமக்கு இந்தச் சிக்கல் பெரிதாகத் தெரியாது. அமெரிக்காவின் சியாட்டல் பக்கம் வித்தியாசம் சுமார் 15 டிகிரி கிழக்கு. அங்கே திருத்தத்தை எதிர்ப்பக்கம் செய்துவிட்டால் பிழை 30 டிகிரியாகும். நிலவறையில் இரும்புக் கம்பி இருந்தால் திசைகாட்டியே தடுமாறும். கடலடி மானிகளின் நிலைமை இன்னும் மோசம். கப்பலிலிருந்து போட்டுவிடுவார்கள், அது தரையில் எந்தப் பக்கம் திரும்பி அமர்ந்தது என்று யாருக்கும் தெரியாது.

திரும்பியிருக்கும் மானியின் விளைவுகள்:

1. கசிவு. வடக்கு, கிழக்குப் பதிவுகளைச் சுழற்றி, அலை வரும் கோட்டின் நெடுக்கிலும் அதற்குக் குறுக்கிலும் ஆன இரண்டு பதிவுகளாக மாற்றுவது முதல் வேலை. பி அலை குறுக்குப் பதிவில் தெரியக் கூடாது. மானி 10 டிகிரி திரும்பியிருந்தால் கிடைமட்ட அசைவில் 17 சதவீதம் குறுக்கே கசியும், 20 டிகிரி என்றால் 34 சதவீதம். மேலோட்டின் அடிப்பகுதி சாய்ந்திருந்தாலும் குறுக்கே அசைவு வரும் என்பதால், இல்லாத சரிவு ஒன்று படத்தில் முளைத்துவிடும்.

2. திசையே விடையாக இருக்கும் அளவீடுகள். மேன்டில் பாறையின் படிகங்கள் வரிசைப்பட்டிருந்தால், அதற்குள் வரும் எஸ் அலை (பி அலைக்குப் பின்னால் வரும், குறுக்காக அதிரும் அலை) இரண்டாகப் பிரிந்து, ஒன்று முந்தும். வேகமான அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதுதான் இங்கே விடை. மேன்டில் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று அதிலிருந்து ஊகிக்கிறார்கள். மானி 20 டிகிரி திரும்பியிருந்தால் சில முறைகளில் விடையும் அதே 20 டிகிரி திரும்பும். வேறு சில முறைகளில், பிரியாத அலையே பிரிந்ததுபோலத் தோன்றும். வடக்கு, கிழக்குக் கம்பிகள் இடம் மாறியிருந்தால் 30 டிகிரி என்ற விடை 60 ஆகிவிடும். ஓர் அச்சின் குறி தலைகீழானால் வடகிழக்கு வடமேற்காகும். ஒவ்வொன்றும் நம்பக்கூடிய எண்.

3. செங்குத்து அச்சு. மேல்நோக்கிய அசைவு கூட்டலா கழித்தலா என்பது மாறினால், பிளவு எப்படி நகர்ந்தது என்ற கணிப்பும் மாறும். தரவுக் கோப்புகளில் இன்னொரு விசித்திரமும் உண்டு. அச்சின் சரிவைக் கீழ்நோக்கி அளப்பதால், மேல்நோக்கும் செங்குத்து அச்சுக்கு சரிவு கழித்தல் 90 என்று எழுதியிருக்கும். முதல்முறை பார்ப்பவர் அதைப் பிழை என்று நினைத்துத் "திருத்தி"விடக் கூடாது.

கசிவையும் உண்மையான சரிவையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. மானி திரும்பியிருந்தால், அலை எந்தத் திசையிலிருந்து வந்தாலும் முதல் அதிர்வின் கசிவு ஒரே பக்கமாக, ஒரே விகிதத்தில் இருக்கும். அடுக்கு சாய்ந்திருந்தால், அலை வரும் திசை சுற்றிவரும்போது குறுக்கு அசைவின் குறி மாறும். ஒரே திசையில் இருந்து வரும் நிலநடுக்கங்களை மட்டும் வைத்து முடிவுக்கு வரும் ஆய்வுகளை நான் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் படிப்பேன்.

## ஒரே நிலநடுக்கம், இரண்டு அச்சு ஏற்பாடு

நிலநடுக்கத்தில் பிளவு எப்படி நகர்ந்தது என்பதை ஆறு எண்களால் குறிக்கிறார்கள். இந்த எண்களின் தொகுதிக்குத் திருப்புத்திறன் டென்சர் என்று பெயர். உலக நிலநடுக்கப் பட்டியல் ஒன்றில் அச்சுகள் மேல், தெற்கு, கிழக்கு. பாடப்புத்தகங்களில் பரவலாக உள்ள ஏற்பாட்டில் வடக்கு, கிழக்கு, கீழ். ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றும்போது ஆறில் நான்கு எண்கள் அப்படியே இருக்கும், இரண்டுக்கு மட்டும் குறி மாறும். அந்த இரண்டை மறந்தால் நிலநடுக்கத்தின் அளவு, ஆழம், வகை எதுவும் மாறாது. கிழக்கும் மேற்கும் மட்டும் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் மாறும். மேற்கு நோக்கிச் சரியும் பிளவு கிழக்கு நோக்கிச் சரியும்.

ஜப்பானில் இப்படி ஆனால் உடனே தெரியும், பசிபிக் தட்டு மேற்கு நோக்கித்தான் ஜப்பானுக்குக் கீழே போகிறது. கண்டத்தின் நடுவில் நடக்கும் சிறு நிலநடுக்கத்தில் அப்படிச் சரிபார்க்க எதுவும் இருக்காது. இன்றைய டோமோகிராபி முழு அலைவடிவத்தையும் கணினியில் உருவாக்கிப் பதிவோடு ஒப்பிடுகிறது. மூலமே கண்ணாடிப் பிம்பமாக இருந்தால் சில நிலையங்களில் மேடு பள்ளமாகும். 50 விநாடி அலையை அரை அலை தள்ளிப் பொருத்தினால் நேரப்பிழை 25 விநாடி.

## கடைசிப் படத்தில் வரும் பிழை

எல்லாம் சரியாகக் கணக்கிட்டு, வரையும்போது தவறுவதும் உண்டு. ஒரு கோப்பில் தீர்க்கரேகை 0 முதல் 360 வரை, இன்னொன்றில் கழித்தல் 180 முதல் 180 வரை. இதைக் கவனிக்காமல் படித்தால் உலகமே 180 டிகிரி நகரும். கண்டங்களின் அமைப்பு தெரியும் மேற்பகுதியில் இது பளிச்சென்று மாட்டும். மேன்டிலின் அடியில் அப்படி இல்லை. அங்கே அலைகள் மெதுவாகப் போகும் இரண்டு மாபெரும் பகுதிகள் இருக்கின்றன, ஒன்று ஆப்பிரிக்காவுக்குக் கீழே, மற்றது பசிபிக்குக் கீழே. பூமியின் ஏறத்தாழ எதிரெதிர்ப் பக்கங்களில், இரண்டும் நடுக்கோட்டை ஒட்டி. 180 டிகிரி நகர்த்தினால் ஒன்று மற்றதன் இடத்தில் போய் அமர்ந்துகொள்ளும். சிறு படத்தில் பார்ப்பவர் "ஆமாம், இரண்டு சிவப்புப் பகுதிகள், சரியான இடத்தில்" என்று தாண்டிப்போவார்.

இன்னொரு வகையும் இதே இடத்தில் ஒளிந்துகொள்ளும். உலகளாவிய படங்களைக் கோள இசையச் சார்புகளின் கெழுக்களாகச் சேமிப்பார்கள், அதாவது உருண்டையின் மேல் படரும் சைன், கொசைன் வடிவங்களில் எது எவ்வளவு என்ற எண்களாக. அதில் சைன் உறுப்புகளின் குறி மாறினால் கிழக்குத் தீர்க்கரேகை மேற்காகும். ஆப்பிரிக்கப் பகுதியின் நடுப்பகுதி கிரீன்விச்சுக்குப் பக்கத்தில், பசிபிக் பகுதியுடையது 180 டிகிரியை ஒட்டி. இந்தப் பிரதிபலிப்பில் அதிகம் நகராத இரண்டு இடங்களும் அவைதான். படத்தில் மிகப் பெரியதாகத் தெரியும் அமைப்பை வைத்துச் சரிபார்ப்பவருக்குப் பிழை தெரியவே தெரியாது. சிறிய, சமச்சீர் இல்லாத அமைப்புகளைத்தான் பார்க்க வேண்டும்.

## எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்

1. மேற்பரப்பில் உருண்டு வரும் ராலே அலை, அலை வரும் கோட்டிலும் செங்குத்தாகவும் மட்டுமே அசையும். குறுக்கே அசையாது. பல திசைகளில் இருந்து வந்த அலைகளை எடுத்து, எந்தச் சுழற்சியில் இந்த இயல்பு பொருந்துகிறது என்று பார்த்தால் மானியின் உண்மைத் திசை கிடைக்கும். கடலடி மானிகளுக்கும் இதே வழி. அமெரிக்கா முழுவதும் நகர்த்தி நகர்த்தி வைக்கப்பட்ட யூஎஸ்அரே நிலையங்களை எக்ஸ்ட்ராம், பஸ்பி இருவரும் இந்த வழியில் 2008-இல் சோதித்தார்கள். பெரும்பாலானவை சரியாக இருந்தன, சில கணிசமாகத் திரும்பியிருந்தன.

2. இழை ஒளியியல் கைரோ கருவி, காந்தத்தை நம்பாமல் பூமியின் சுழற்சியை வைத்தே உண்மை வடக்கைக் காட்டும். விலை அதிகம், ஆனாலும் நிலையங்களை மறு ஆய்வு செய்பவர்கள் இதை எடுத்துப்போகிறார்கள்.

3. கணக்கைச் சோதிக்க, வடகிழக்கு மூலையில் மட்டும் ஒரு வேகமான கட்டியை வைத்துச் செயற்கைத் தரவு உருவாக்கி, முழு மென்பொருள் வழியாகவும் அனுப்பிப் பார்க்கலாம். கட்டி வேறு மூலையில் வந்தால் எங்கோ ஒரு குறி தவறு. சோதனைக்குச் சதுரங்கப் பலகை வடிவத்தை மட்டும் வைப்பது இதற்கு உதவாது, அதைத் திருப்பிப் போட்டாலும் சதுரங்கப் பலகைதான்.

திருத்தம் கிடைத்த பிறகும் ஒரு வேலை மிச்சம். நிலையத்தின் விவரக் கோப்பில் திசைக்கோணம் தேதி வாரியாக எழுதப்படுகிறது. பழுது பார்க்க வந்தவர் மானியைச் சரியாகத் திருப்பி வைத்தால், அன்று முதல்தான் புதிய எண் பொருந்தும். முந்தைய ஆண்டுகளின் பதிவுகளுக்குப் பழைய, தவறான கோணம் எவ்வளவு என்று தனியாகக் கணித்து ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றினாலும், முன்பே அந்தத் தரவைத் தரவிறக்கி வைத்திருப்பவர்களின் கணினியில் கோப்பு தானாக மாறாது. பழைய கோணத்தோடு வெளியான கட்டுரைகளின் எண்களும் அப்படியேதான் இருக்கும், புதிய தொகுப்புகள் அவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்கின்றன.